பழைய ஹொண்டாவும் மூன்று கேள்விகளும்

வெஸ்ட்லியில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தளத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 'பூட்' இருக்கிறது. பனிச்சறுக்குத் தடிகள், பிள்ளைகளுக்கு அளவில்லாமற்போன சப்பாத்துகள், ஊரிலிருந்து வந்த பெட்டிகள் எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள்தான். போன வசந்தகாலத்தில் எங்கள் வாசலுக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தும் கூரைக்குக் கீழே, இன்னொரு பொருளும் வந்து சேர்ந்தது. ஹொண்டா சி. 70 மோட்டார் சைக்கிள். கிட்டத்தட்ட என்னுடைய வயது அதற்கு. துருப்பிடித்த தாங்கி, கிழிந்த இருக்கை, அசையாத பிறேக்.

"இதுக்குக் காசு குடுத்தனீங்களோ? இதைக் கொண்டுபோய் எறியிறதுக்கெல்லோ காசு கேப்பினம்!" என்றார் என் மனைவி.

நியாயமான கேள்விதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆசிரியர், தபாற்காரர், மருத்துவிச்சி, மீன் வியாபாரி என்று எல்லோரும் ஓடித்திரிந்த 'செவன்ரி' இதுதான். ஹொண்டா நிறுவனம் 'சுப்பர் கப்' என்ற பெயரில் இந்த வகையை 1958 இல் ஜப்பானில் வெளியிட்டது. 2017 இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. இத்தனை எண்ணிக்கையில் ஓடியதால், இதன் உதிரிப்பாகங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. பழைய வண்டி திருத்த ஆசைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். அழகான வண்டியாக இருந்தும் சாமான் கிடைக்காவிட்டால் அது காட்சிப்பொருள் மட்டுமே.

என் மகனுக்குப் பதினாறு வயது. நோர்வேயில் பதினாறு வயதில் 125 சி.சி. வரையான வண்டிக்குரிய 'ஆ-1' அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். அவனுக்கு அந்த ஆசை. எனக்கு வேறொரு ஆசை. இந்த நாட்டில் நான் கேட்பவன், அவன் சொல்பவன். அலுவலகக் கடிதம் வந்தால் அவன்தான் வாசித்துச் சொல்வான். வைத்தியரிடம் போனில் பேசுவதும் அவன்தான். ஒரு விடயத்திலாவது நான் சொல்லி அவன் கேட்கட்டுமே என்று நினைத்தேன். அது எப்படி முடிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மண்ணெண்ணெயில் படித்த படிப்பு

1991 இல் எனக்குப் பதினேழு வயது. கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியோரமாக இருந்த ஒரு கராஜில் கையாளாகச் சேர்ந்தேன். 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்ட பிறகு, வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. களவாக வந்த பெற்றோல் மருந்துப் போத்தலில் அளந்து விற்கப்பட்டது. ஆகவே வண்டிகள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின.

பெற்றோல் குளிரிலும் இலகுவில் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகக் கூடிய வெப்பம் வேண்டும். ஆறிய எஞ்சினில் அது பற்றாது. அதனால் காபரேற்றருக்குள் சிறிஞ்சால் சில துளி பெற்றோல் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வண்டி புகைத்துக்கொண்டு, 'டொக் டொக்' என்று அடித்துக்கொண்டு ஓடும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணீர்போல ஆக்கிவிடும். பிளக்கில் கரி அப்பிவிடும். வண்டி நின்றதென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு எரிபொருட் கோளாறுதான். கண்ணை மூடிக்கொண்டு காபரேற்றரைக் கழற்றலாம்.

1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அந்தக் கராஜும் போயிற்று. 1998 இல் நோர்வேக்கு வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் சில வருடம் நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு வந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஸ்பனர் பிடிக்கவில்லை. ஆனால் கராஜ் அண்ணை சொல்லித்தந்த மூன்று கேள்விகள் மட்டும் மறக்கவில்லை.

கழற்றுமுன் கேட்க வேண்டியவை

எந்தப் பெற்றோல் எஞ்சினும் ஓட மூன்று வேண்டும்: நெருப்பு, எரிபொருள், அமுக்கம். மூன்றும் சரியான நேரத்தில் சேர்ந்தால் அது ஓடியே ஆகும். ஓடவில்லையென்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று தெரியும்வரை ஒரு ஆணியையும் தொடக்கூடாது.

முதலாவது, நெருப்பு. பெற்றோல் திறப்பைப் பூட்டிவிட்டு, வேறொரு பிளக்கை வயர் மூடியில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினில் தொடவைத்து உதைத்துப் பாருங்கள். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். துவாரம் திறந்திருந்தால் உள்ளேயிருந்து வரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறமாக, 'டிக்' என்ற சத்தத்துடன் பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்திருந்தால் நோய் அங்கேதான்.

இரண்டாவது, எரிபொருள். பலதரம் உதைத்த பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பற்றவில்லை. கரிபோலக் கறுத்திருந்தால் பெற்றோல் கூட. ஒயில் பிசுபிசுத்தால் றிங் அல்லது வால்வுப் பக்கம் தேய்மானம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது இப்படித்தான்.

மூன்றாவது, அமுக்கம். நெருப்பு வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்து, பிளக் துவாரத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு ஒருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளி எறிய வேண்டும். தள்ளாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது றிங் தேய்ந்துவிட்டது.

எங்கள் ஹொண்டாவுக்கு அமுக்கம் இருந்தது. நெருப்பு இல்லை, எரிபொருளும் இல்லை.

நெருப்பைத் தருவது 'பொயின்ற்'. சுழலும் சில்லின் சாளரம் வழியாக அதைப் பார்க்கலாம். வருடக்கணக்காக நின்ற வண்டியில் அதன் முகத்தில் பாசிபோலப் படை கட்டியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இலேசாக உரசித் துடைத்து, இடைவெளியை 0.3 இலிருந்து 0.4 மில்லிமீற்றருக்குள் வைத்தோம். பிளக்கின் இடைவெளி 0.6 இலிருந்து 0.7 வரை. சில்லைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்கென்று உள்ள இழுவைக் கருவியை வாங்குங்கள். சுத்தியலால் தட்டி எடுக்கப் போனால் அச்சின் மரை கெட்டுவிடும்.

தாங்கிக்குள் துரு. ஊரில் கூழாங்கல்லையும் செயின் துண்டையும் போட்டுக் குலுக்குவோம். இங்கே கடையில் விற்கும் சித்திரிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டோம். மறுநாள் அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, உடனே காயவைத்தோம். காயவைக்கச் சுணங்கினால் துரு திரும்பவும் பிடிக்கும். காபரேற்றரின் சின்னத் துவாரங்களில் பழைய பெற்றோல் பிசினாக இறுகியிருந்தது. கம்பி விட்டுக் குத்தாமல், கழுவும் திரவமும் காற்றும் கொண்டு திறந்தோம். கம்பி துவாரத்தைப் பெரிதாக்கிவிடும்.

மூன்றாவது சனிக்கிழமை, ஐந்தாவது உதையில் எஞ்சின் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் கொக்குவிலில் நின்றேன்.

பத்து நிமிட நோய்

சந்தோசம் பதினொரு நிமிடம்தான். வண்டி இருமி, நின்றுவிட்டது. கால் மணித்தியாலம் கழித்து உதைத்தால் உடனே ஓடும். மீண்டும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நிற்கும்.

"காபரேற்றருக்குள்ள ஊத்தை கிடக்குது" என்று தீர்ப்புச் சொன்னேன். கழற்றிக் கழுவினேன். மறுபடியும் நின்றது. மறுவாரம் இன்னொருதரம் கழற்றி, மிதவையைச் சரிபார்த்தேன். அதே கதை. நான் ஸ்பனரை மூன்றாந்தரம் எடுக்க, மகன் தன் கொப்பியை நீட்டினான். ஒவ்வொருமுறை ஓடியதும் நின்றதும் அதில் நேரத்தோடு எழுதியிருந்தான். பதினொரு நிமிடம், பன்னிரண்டு, பத்து, பதினொன்று.

"அப்பா, நீங்கள் ரெண்டுதரம் காபரேற்றரைக் கழட்டிப்போட்டியள். நேரம் மாறேல்லை. அப்ப நோய் அங்கை இல்லையெல்லோ? நீங்கள் ஒவ்வொருமுறையும் ஆறினாப் பிறகுதானே பாக்கிறியள். நிண்ட உடனை பாத்தால் என்ன?"

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. மூன்று கேள்வியைக் கேட்டபின் கழற்று என்று அவனுக்குப் பாடம் சொன்னவன் நான். அதையே நான் செய்யவில்லை. மண்ணெண்ணெய்க் காலத்தில் நோய் எப்போதும் காபரேற்றரில் இருந்தது. ஆகவே இங்கேயும் அங்கேதான் இருக்கும் என்று என் கை தானாகப் போய்விட்டது. ஊரின் நோயை ஒஸ்லோவில் தேடிக்கொண்டிருந்தேன்.

சூடானபின் நின்று, ஆறியபின் ஓடும் வண்டிக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கலாம். உள்ளே காற்றுப் புகாமல் பெற்றோல் இறங்குவது மெல்ல நின்றுவிடும். அல்லது வால்வின் இடைவெளி குறைவாக இருக்கலாம். சூட்டில் உலோகம் நீள, வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் போய்விடும். அல்லது கொண்டென்சரோ கொயிலோ சூட்டில் செயலிழக்கலாம். மூன்றும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். பிரித்தறிய ஒரே வழி, நோய் இருக்கும்போதே நாடி பிடிப்பது.

அடுத்தமுறை வண்டி நின்ற கணத்திலேயே வேலையைத் தொடங்கினோம். தாங்கி மூடியைத் திறந்தோம். காற்று இழுக்கும் சத்தம் இல்லை, உதைத்தும் ஓடவில்லை. துவாரத்தில் பிழையில்லை. உதைகாலை மெதுவாக அமத்தினோம். ஆறியபோது இருந்த அதே எதிர்ப்பு. அமுக்கம் இருக்கிறது. கையுறை போட்டுப் பிளக்கைக் கழற்றினோம். நனைந்திருந்தது. பெற்றோல் வருகிறது. அதைத் திரும்பப் பூட்டி, மற்றப் பிளக்கை மாட்டி உதைத்தோம். பொறியே இல்லை. பத்து நிமிடம் பொறுத்து உதைத்தால் நீலப் பொறி!

பொயின்றைத் திரும்பப் பார்த்தோம். இரண்டு வாரத்துக்கு முன் துடைத்த முகம் கருகிக் குழிவிழுந்திருந்தது. பொயின்ற் திறக்கும்போது மின்சாரம் அங்கே பொறியாகத் தாவாமல் பிடித்துவைப்பது கொண்டென்சரின் வேலை. அது கெட்டால் பொயின்ற் கருகும், பிளக்கில் நெருப்பு மெலியும். புதிய கொண்டென்சரும் பொயின்றும் மாற்றினோம். வண்டி நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. நாங்கள்தான் நிறுத்தினோம். காபரேற்றருக்குச் செலவழித்த இரண்டு சனிக்கிழமையும் வீண். கொண்டென்சர் மிக மலிவான ஒரு சாமான்.

அதன்பின் வால்வையும் அளந்தோம். முழுதாக ஆறிய எஞ்சினில், சில்லின் 'டி' குறியை அமுக்க நேரத்தில் நேராக்கி, 0.05 மில்லிமீற்றர் வைக்க வேண்டும். அந்த அளவுத் தகடு எங்களிடம் இருக்கவில்லை. தந்தவர் பக்கத்து வாசல் முதியவர்.

அவர் முதலில் வந்தது முறைப்பாட்டோடு. நிலக்கீழ்த் தளத்தில் பெற்றோல் மணக்கிறது என்றார். நான் ஒரு கலனைப் பூட்டுக்குள் வைத்திருந்தேன். பலர் வசிக்கும் கட்டடத்தில் அது ஆபத்தான வேலை. தவறு என்னுடையது. அன்றே அகற்றினேன். மறுமுறை வந்தபோது வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இளவயதில் தன்னிடம் இருந்த 'தெம்போ' மொப்பெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சாண்ட்னெஸ் நகரில் யோனாஸ் ஓக்லண்ட் தொழிற்சாலை செய்த நோர்வேத் தயாரிப்பு அது, எஞ்சின் ஜேர்மனியின் சாக்ஸ். இத்தனை வருடம் படிக்கட்டில் தலையாட்டியதைத் தவிர நாங்கள் பேசியதில்லை. அளவுத் தகட்டைத் தரும்போது அவர் சொன்ன வார்த்தை, "ஏன் திங் ஒம் காங்கென்". ஒருநேரத்தில் ஒரு வேலை. கராஜ் அண்ணையும் அதைத்தான் சொன்னார். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு மற்றதை மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நோய் என்று கடைசிவரை தெரியாது.

வாங்கு முன்னர்

மலிவு என்று பாய வேண்டாம். வண்டியின் பதிவுப் பத்திரமான 'வோங்ன்கொர்ட்' இருக்கிறதா, அதிலுள்ள இலக்கமும் சட்டத்தில் அடித்த இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பதிவிலக்கத்தைக் கொண்டு புறோன்னோய்சுண்ட் பதிவகத்தில் அந்த வண்டிமேல் கடன் ஏதும் இருக்கிறதா என்று தேடலாம். கடன் வண்டியோடு வரும். வாங்கியதும் உரிமை மாற்றத்தை 'ஸ்தாத்தென்ஸ் வேக்வேசன்' இல் பதிவுசெய்யுங்கள். அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாமல் வீதியில் இறக்க வேண்டாம். ஊர் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் இங்கே அது எதுவரை செல்லும் என்று அதே அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

வீட்டில் வேலை செய்பவர்கள் கவனத்துக்கு

எஞ்சினை மூடிய இடத்தில் ஒருபோதும் ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். பெற்றோல் வேலை திறந்த வெளியில் மட்டும்.

பழைய பிறேக் தூசியை ஊதாதீர்கள். பழைய பிறேக் சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடையுங்கள்.

கழிவு ஒயிலை நிலத்திலோ குழாயிலோ ஊற்ற வேண்டாம். போத்தலில் அடைத்து, ஹரால்ட்றூட் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுக்கலாம்.

குளிர்காலத்துக்கு முன் காபரேற்றரிலுள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள். இப்போதைய பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய இறப்பர்களைக் கெடுக்கும். வீதியில் தூவும் உப்புப் பட்டால் உடன் கழுவுங்கள்.

மண்ணெண்ணெய் வித்தை இங்கே வேண்டாம். அது வழியில்லாத காலத்து வழி. எஞ்சினைத் தின்றுகொண்டே ஓடவைக்கும்.

கடையில் கேட்க உதவும் சில நோர்வே மொழிச் சொற்கள்: பிளக் - தென்பிளுக், காபரேற்றர் - ஃபொர்காசர், பொயின்ற் - ஸ்திஃப்தர், கொண்டென்சர் - கொண்டென்சாதூர், பிறேக் சூ - பிறெம்செஸ்கூ, கஸ்கற் - பாக்னிங்.

கொப்பியின் கடைசிப் பக்கம்

புதிதாக வந்த குடும்பங்களில் தச்சர், மேசன், வெல்டர், றேடியோ திருத்துபவர், தையற்காரர் என்று பலர் இருக்கிறீர்கள். சான்றிதழ் இல்லை என்பதால் அந்தத் தொழிலே இல்லை என்று ஆகிவிடாது. கை மறக்காது. ஆனால் கைக்குப் பழக்கமான பதில் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை நான் ஒரு கொண்டென்சரிடம் படித்தேன். கேள்விகளை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். பதிலை இங்கே பார்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மகன் இப்போது அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்கிறான். அதுவரை வண்டியை நான்தான் ஓட்டிப் பார்க்கிறேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருப்பது இது: "40 நிமிடம். நிற்கவில்லை. அடுத்த வேலை: பின் பிறேக். அப்பாவைக் கேட்க வேண்டும்."